வெளியே போகாத உப்பு

ஒரு வருஷம் முழுக்க நான் அடுத்தவங்க ஊட்டு உப்பைக் கேட்டு அலைஞ்சேன். உப்பும் மூத்திரமும். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம், நானும் முதல்ல சிரிச்சவதான். மாசமா இருக்கற பொம்பளைங்க ஒடம்புல அயோடின் போதுமான அளவு இருக்குதான்னு பார்க்கற கணக்கெடுப்பு அது. ஒரு சின்ன பாட்டில்ல மூத்திரம், ஒரு கரண்டி சமையல் உப்பு, ரெண்டையும் வாங்கி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில வெச்சு லேப்ல கொண்டுபோய்க் குடுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி லேப் டெக்னீசியன் படிச்சு, படிச்சதை அப்படியே மூட்டை கட்டி வெச்சுட்டு, பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல நின்னு நின்னு முட்டி தேஞ்சவ நான். ஒப்பந்த வேலைதான்னு சொன்னாங்க. உக்காந்து செய்யற வேலையான்னு மட்டும் கேட்டேன். இல்லீங்க, நடந்து செய்யற வேலைன்னாங்க. நிக்கறதுக்கு நடக்கறது தேவலைன்னு சரின்னுட்டேன்.

அயோடின் எதுக்குன்னு கணக்கெடுப்பை நடத்துன டாக்டரம்மா ஒரு மத்தியானம் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பிக்கு அதுதான் சாப்பாடு. வயித்துல இருக்கற குழந்தைக்கு மூளை வளரணும்னா அம்மா ஒடம்புல இருந்துதான் அது எடுத்துக்கணும். ஆக, மாசமா இருக்கறவளுக்கு மத்தவங்களை விட அதிகமா வேணும். ரொம்பக் கம்மியாப் போனா கரு நிக்காமயும் போகலாம், பொறக்கற குழந்தை மந்தமாவும் போகலாம். இவ்வளவையும் ஒரு சிட்டிகை உப்புல கலந்து ஊட்டுக்கே அனுப்பிடறாங்க. அந்தச் சிட்டிகை நெஜமாவே சோத்துல விழுதான்னு பார்க்கறதுதான் என் வேலை.

அப்ப நான் குடியிருந்தது முதலிபாளையம் தாண்டி ஒரு லைன் ஊட்டுல. முன்னால ஓனர் குடும்பத்தோட மாடி ஊடு, பின்னால வரிசையா ஒத்தை அறைங்க, கடைசி அறை எனக்கு. ஓனர் குடும்பம் தலைமுறையா தறி போட்டவங்க. இப்ப கீழ் போர்ஷன்ல நாலஞ்சு மெஷின் போட்டு, பனியனுக்குக் கழுத்துப்பட்டி தெச்சுக் குடுக்கறாங்க. காலையில முருகன் பாட்டு நின்னா மெஷின் சத்தம் ஆரம்பிக்கும், மெஷின் நின்னா பக்கத்து அறைங்கள்ல டிவி ஆரம்பிக்கும். என் அறையில ஆரம்பிக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது. என்ற ஊட்டுக்காரர் வேற ஒரு குடும்பத்தோட இருக்கறார். குழந்தை இல்லைங்கறதுதான் காரணம்னு பெரியவங்க கூடிப் பேசி முடிவு பண்ணினாங்க. என்னைக் கேக்கல.

லைன் ஊட்டுல ஒருத்தி காலையில கருவேப்பிலை கேப்பா, இன்னொருத்தி பொழுதோட, சாயங்காலமா, காப்பித்தூள் கேப்பா. கிண்ணம் போகும், வரும். என் கதவை மட்டும் எந்தக் கிண்ணமும் தட்டுனதில்ல. அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. பார்த்தாச் சிரிப்பாங்க, தண்ணி வந்தா என் குடத்தையும் புடிச்சு வெப்பாங்க. ஆனா என் ஊட்டுப் பொருள் அவங்க அடுப்புக்குப் போகாது, அவ்வளவுதான். ஒத்தை ஆளுக்கு ஒரு பாக்கெட் உப்பு வாங்கினா அது தீரவே தீராது. மழை வந்தா டப்பாவுக்குள்ளயே கட்டி புடிச்சுக்கும், கரண்டிக் காம்பால குத்திக் குத்தி எடுப்பேன். அப்படிக் குத்தறப்பெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். யார் மேலன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது.

ஓனரம்மா மருமகளுக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சு போச்சு. நான் குடிவந்தப்ப அது மூணாவது தடவையா மாசமா இருந்துச்சு. சின்னப் புள்ளை, கன்னத்துல குழி விழும், பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. அந்தத் தடவையும் போயிருச்சுன்னா என்ன ஆகும்னு அந்த ஊட்ல யாரும் வாய்விட்டுச் சொல்லல. ஆனா எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நான் அந்தப் பாதையில நடந்து முடிச்சவ. இந்த ஒண்ணு நிக்கணும்னு, பக்கத்து அறைக்காரங்க வேண்டறதுக்கு முன்னாடி நான்தான் வேண்டியிருப்பேன்.

ஓனரம்மா மருமகளைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. நான் அதுக்குப் பக்கத்துல போகாமப் பார்த்துக்கறதும் அதுல சேர்த்தி. காலையில நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பற நேரம் மருமக வாசல்ல நின்னா, "உள்ள போ கண்ணு, வெயிலு"ம்பாங்க. ஏழு மணிக்கு என்ன வெயில்? எங்கிட்டயும் நல்லாத்தான் பேசுவாங்க. "ஏனுங் அம்மிணி, வேலைக்குங்களா"ன்னு கேப்பாங்க. எங்க ஊர்க்காரங்க அடிக்கற அடியிலயும் ஒரு 'ங்க' இருக்கும். வாங்கிக்கிட்டு, ஆமாங்கன்னு சொல்லிட்டுப் போயிருவேன்.

மாடியில துணி காயப்போடற கொடி மட்டும்தான் எல்லாருக்கும் பொது. அங்கதான் அந்தப் புள்ளையும் நானும் பேசிக்குவோம். அக்கா அக்கான்னு அது பேசப் பேச, ஈரத்துணியை ஒதறி ஒதறிப் போட்டதையே மறுபடியும் எடுத்து ஒதறிட்டு இருப்பேன்.

வேலையில என்னை யாரும் விரட்டல. குன்னத்தூர், பூண்டி, எங்க பனியன் கம்பெனி ஆளுங்க குடியிருக்கற லைன்கள்னு சுத்தினேன். போற எடத்துல எல்லாம் முதல் கேள்வி எனக்குத்தான் வரும். "உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க அக்கா?" இல்லீங்கம்பேன். அப்புறம் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை ஊட்ல நான் நின்னு தாண்டியிருப்பேன், கணக்கே இல்ல. அப்புறம் பாட்டிலை நீட்டுவேன்.

கம்பெனிக்குப் போற பொண்ணுங்ககிட்ட அது லேசுல வராது. தையல் லைன்ல உக்காந்தா எந்திரிச்சுப் போகணுமேன்னு தண்ணியே குடிக்க மாட்டாங்க. பாத்ரூம் பக்கம் போனா சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்கணும், அதுக்கு அடக்கிக்கிட்டே உக்காந்துக்கலாம்னு இருப்பாங்க. எனக்கும் அதே பழக்கம்தான், இன்னிக்கு வரைக்கும் விடல. அதனால நான் கோவிச்சுக்கறதில்ல. ஒரு சொம்பு தண்ணியைக் குடுத்துட்டு, வர்றப்ப வரட்டும்னு பக்கத்துல உக்காந்துக்குவேன். காத்திருக்கற நேரத்துல கால் வீக்கம், மாமியார், கனவு, பேரு வெக்கறதுன்னு எல்லாம் பேசுவாங்க. ஒறம்பரை ஊட்டுக்கு, சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போன மாதிரி இருக்கும் எனக்கு. பாட்டில் நெறஞ்சதும் எந்திரிச்சு வந்தறணும்.

உப்பு விஷயத்துல மட்டும் எனக்கு வேலை சுளுவா இருந்துச்சு. வர்ற வாரம் உப்பு எடுத்து வெய்யுங்கன்னு சொல்லிட்டுப் போனாப் போதும், சொன்ன நாளைக்குத் தாள்ல மடிச்சுத் தயாரா வெச்சிருப்பாங்க. பூண்டியில ஒரு சிற்பியோட சம்சாரம், கல்லுத்தூள் படியாத எடமே இல்லாத ஊட்ல இருந்து, மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையா ஒரு பொட்டணம் கொண்டாந்து குடுத்துச்சு. வெள்ளிக்கிழமை போனா மட்டும் நாளைக்கு வாங்கம்பாங்க. சரின்னு சனிக்கிழமை போவேன். அந்த உப்பு மேல ஒரு சொட்டு மருந்து விடணும். அயோடின் இருந்தா கத்திரிப்பூ நெறத்துக்கு மாறும், இல்லைன்னா வெள்ளையாவே கெடக்கும். எனக்கு வந்ததெல்லாம் கத்திரிப்பூ. ஓனரம்மா மருமகளும் ஆஸ்பத்திரியில ஒரு பொட்டணம் குடுத்துச்சு, அதுவும் கத்திரிப்பூதான். அன்னிக்கு எனக்கு மனசு கொஞ்சம் நிம்மதியாச்சு.

அப்புறம் மூத்திரத்தோட முடிவு வந்துச்சு. ஒருத்தரோட ஒரு பாட்டிலை வெச்சு அந்த ஒருத்தரைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது, எல்லாத்தையும் கூட்டமா வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்பாங்க டாக்டரம்மா. கூட்டமா வெச்சுப் பார்த்தா, கம்மி. மாசமா இருக்கறவங்களுக்கு வேண்டிய அளவுல இல்ல. டாக்டரம்மா என்னையும் உப்பையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

"உப்பு எல்லாம் அருமையா இருக்கு. உள்ள போன அயோடின் எங்க போச்சு? பாட்டிலை எங்கயாவது மாத்தி வெச்சுட்டீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"வெயில்ல வெச்சுட்டீங்களா?"

"இல்லீங்க."

ஐஸ் பெட்டியைக் குழந்தையைத் தூக்கற மாதிரி இடுப்புல வெச்சுத் தூக்கிட்டு அலைஞ்சவ நான். எனக்கு மூஞ்சியெல்லாம் எரிஞ்சுச்சு. ஆனா கேக்கறவங்க கேக்கத்தான் செய்வாங்க. தப்பு எங்கயோ இருக்குதில்ல?

அந்த வாரமே ஓனரம்மா மருமகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததுல தைராய்டு சரியில்லைன்னு வந்துச்சு. மாடியில கொடிக்குப் பக்கத்துல நின்னு அதுதான் சொல்லுச்சு. அன்னிக்கு அது கன்னத்துல குழி விழல.

"மாத்திரை குடுத்திருக்காங்க அக்கா. விடாமச் சாப்பிடோணுமாம். உப்பைப் பத்திக் கேட்டேன், பரிசோதனையில உங்க உப்பு நல்லா வந்திருக்குதே, அதுல ஒண்ணும் பயமில்லைன்னு டாக்டர் சொன்னாங்க. அக்கா, இதுவும் போயிருமுங்களா?"

நான் அக்கட்டால திரும்பிட்டேன். திரும்பின பக்கம் பனியன் வேஸ்ட் துணியை விரிச்சு, அது மேல கல்லுப்பு காஞ்சுட்டு இருந்துச்சு.

"இது எதுக்கு கண்ணு?"

"சமையலுக்குங்க்கா. உப்பு வண்டிக்காரர்கிட்ட மூட்டையா வாங்குவோம். மண்ணு இருக்கும்னு அத்தை ரெண்டு தண்ணி அலசிக் காயப்போட்டுத்தான் சாடியில கொட்டுவாங்க. சுத்தம் பார்ப்பாங்கல்ல."

"அப்ப நீ எனக்குக் குடுத்தது?"

"அது கடையில வாங்குனதுங்க. ஊட்டு உப்பை வெளிய குடுத்தா லட்சுமி போயிரும்பாங்க அத்தை. அதுலயும் மாசமா இருக்கறப்ப..." அதோட நிறுத்திக்குச்சு.

"அதுலயும் எங்கிட்ட," ன்னு நான் முடிச்சு வெச்சேன். அது தலையைக் குனிஞ்சுக்குச்சு. நான் துணியை எடுத்துட்டு எறங்கி வந்துட்டேன்.

அறைக்கு வந்து சும்மா உக்காந்திருந்தேன். முதல்ல அழுகைதான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அழுதுட்டு இருக்கறப்பவே, கம்பெனி லைன்ல பார்த்த ஒடிசாக்காரப் பொண்ணு ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. உப்புன்னு நான் சொன்னது புரியாம, சைகை காட்டுனதும் டப்பாவோடயே நீட்டுன பொண்ணு. அந்த டப்பாவுல உப்பு ஓரமெல்லாம் மஞ்சள் கறை, ஒரு கடுகு, ஈரக்கை பட்டுக் கட்டி. அதுதான் ஊட்டு உப்பு. புழங்குற உப்பு அப்படித்தான் இருக்கும். எங்க சனங்க குடுத்த பொட்டணம் ஒண்ணுலயாவது ஒரு கடுகு இருந்துச்சா? வந்தவங்களுக்குப் புதுக் காப்பித்தூள் வாங்கிக் காப்பி வெக்கற மாதிரி, பரிசோதனைக்குப் புது உப்பு வாங்கி மடிச்சிருக்காங்க. ஏமாத்தணும்னு ஒருத்தரும் நெனைக்கல. ஊட்டு உப்பு வெளிய போகக்கூடாது, வந்தவளை வெறுங்கையோட அனுப்பவும் கூடாது. ரெண்டு மரியாதையும் காப்பாத்தியாச்சு. நாங்க பார்த்ததெல்லாம் மளிகைக் கடைக்காரர் உப்பு. சோத்துல விழுந்தது அயோடின் சேர்க்காத வண்டிக் கல்லுப்பு, கொஞ்சநஞ்சம் இருந்திருந்தாலும் அலசுன தண்ணியோட போயிருக்கும்.

டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. "என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க"ன்னாங்க. பண்றதுக்கு என்ன இருக்கு. உப்பு வெளிய வரக்கூடாதுன்னா நான் உள்ள போகணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊட்லயும் அதையே சொன்னேன். உப்பு உங்க சாடியிலயே இருக்கட்டும், ஒரு கல்லைக்கூட நான் எடுத்துட்டுப் போகல, உங்க வட்டல்ல, சோறு திங்கற தட்டுல, நீங்களே போடுங்க, நான் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டுப் போயிடறேன்னு. அப்படிச் சொன்னதும் அடுப்படி வரைக்கும் விட்டாங்க. சிலது கத்திரிப்பூ ஆச்சு, நெறையது வெள்ளையாவே கெடந்துச்சு. பாட்டில் சொன்னது சரிதான்னு டாக்டரம்மா என் தோளைத் தட்டுனாங்க. எனக்கு அதுல சந்தோசமே வரல. நான் இன்னும் ஓனரம்மா ஊட்டுக்குள்ள போகல.

ஒரு ஞாயித்துக்கிழமை, மெஷின் ஓடாத நேரம் பார்த்துப் போனேன். வாசப்படியில நின்னு, மருமகளோட தைராய்டு, அயோடின், குழந்தை மூளை எல்லாம் சொன்னேன். ஓனரம்மா கேட்டுக்கிட்டாங்க. கதவை விட்டு ஒதுங்கி நின்னு, "வாங்க அம்மிணி"ன்னாங்க. அத்தனை மாசத்துல முதல் தடவையா அந்த ஊட்டுக்குள்ள கால் வெச்சேன்.

ரெண்டு வட்டல் கேட்டேன். ஒண்ணுல அவங்க சாடி உப்பு, இன்னொண்ணுல நான் கொண்டுபோன பாக்கெட் உப்பு. ரெண்டுலயும் சொட்டு விட்டேன். சாடி உப்பு வெள்ளையா அப்படியே இருந்துச்சு. பாக்கெட் உப்பு கண்ணு முன்னாலயே கத்திரிப்பூ நெறம் ஏறுச்சு. மருமக எட்டிப் பார்த்துச்சு. நான் ஓனரம்மா மூஞ்சியைப் பார்த்தேன், புரிஞ்சிருக்கும்னு.

அவங்க மூஞ்சி தெளிஞ்சிருச்சு.

"பார்த்தீங்களா, எங்க உப்பு சுத்தமுங்க. ஒரு மாத்தமும் இல்ல. கடை உப்பைப் பாருங்க, வெஷம் பட்ட மாதிரி நீலம் பாஞ்சு கெடக்குது. இதையா வயித்துப் புள்ளைக்குப் போடச் சொல்றீங்க?"

நான் என்னென்னமோ சொன்னேன். நெறம் மாறினாத்தான் நல்லதுங்க, அந்த மருந்துதான் அப்படிக் காட்டுது, உப்புல வெஷம் எதுவும் இல்லீங்கன்னேன். எவ்வளவு சொல்லியும் அந்த நீலத்தை என்னால அழிக்க முடியல. கண்ணால பார்க்க வெச்சாப் போதும்னு நெனச்சேன் பாருங்க. அவங்க அந்த வட்டலைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு, சாம்பல் போட்டுத் தேச்சாங்க. தேச்சுக்கிட்டே, "ரெண்டு போனதைப் பார்த்தவளுங்க நான். இனி எதையும் புதுசாப் பண்ணிப் பார்க்க தைரியம் இல்ல, தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னாங்க. இதுக்கு மேல ஒரு மனுசிகிட்ட என்ன வாதாடறது? வந்துட்டேன்.

அடுத்த நாள் பொழுதோட என் கதவை யாரோ தட்டுனாங்க. நான் வேற அறைக்குத் தட்டறாங்கன்னு நெனச்சுப் பேசாம இருந்தேன். மறுபடியும் தட்டுச்சு. தொறந்தா, ஓனரம்மா மருமக. முந்தானைக்குள்ள ஒரு சின்ன போசி, மூடி போட்ட பாத்திரம்.

"அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க அக்கா. சோறும் பருப்பும் உப்பு போடறதுக்கு முன்னாலயே எனக்குன்னு கொஞ்சம் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். உங்க உப்பு போட்டுத் தாங்க. இங்கயே சாப்பிட்டுட்டுப் போயிடறேன்."

கட்டி புடிச்சுக் கெடந்த உப்பைக் கரண்டிக் காம்பால குத்துனேன். அன்னிக்கு ஆத்திரம் வரல. போட்டுப் பெசஞ்சு, வட்டல்ல வெச்சு, நானும் என் சோத்தை எடுத்துட்டு எதுக்க உக்காந்தேன். கூட ஒருத்தர் சாப்பிடறதைப் பார்த்து எத்தனை நாளாச்சுன்னு நெனைக்கறதுக்குள்ள அது பாதி தின்னுருச்சு. ஒரு வேளை போதுமான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். மாத்திரையும் விடாமச் சாப்பிடட்டும், ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு வேளை நல்லதுதான், முடிஞ்சா ரெண்டு வேளை ஆக்குங்கன்னாங்க.

அதுக்கப்புறம் தினமும் வந்துச்சு. ஓனரம்மா பொழுதோட சாமி விளக்குக்கு எண்ணெய் ஊத்தக் கோயிலுக்குப் போவாங்க. அந்தக் குழந்தைக்காகத்தான் அந்த வேண்டுதல். அவங்க தெருமுனை திரும்புனதும் இது போசியோட வந்துரும், அவங்க திரும்பி வர்றதுக்குள்ள ஓடிரும். நான் வேலையில இருந்து வேகவேகமா வருவேன். பஸ்ஸு லேட்டானா எனக்குப் பதறும். வர்றப்ப ஒரு முட்டை, ஒரு நாள் மீனு, எனக்குப் புடிக்காட்டியும் வாங்கிட்டு வருவேன். உப்பு பாக்கெட் ஒண்ணு தீர்ந்துச்சு. என் வாழ்க்கையில உப்பு தீர்ந்து கடைக்குப் போனது அதுதான் முதல் தடவை. கடைக்காரர்கிட்ட "உப்பு தீர்ந்துருச்சுங்க"ன்னு தேவையே இல்லாமச் சொன்னேன். அதுக்கு என்னங்கற மாதிரி அவர் பார்த்தார்.

வயிறு பெருசாச்சு. குழந்தை உதைக்கறப்ப என் கையை எடுத்து வெச்சுக் காட்டுச்சு. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னு எழுத மாட்டேன்.

வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடல. கூப்பிட மாட்டாங்கன்னு தெரியும். அன்னிக்கு லீவு போட்டுட்டு அறையிலயே இருந்தேன். கண்ணாடி வளையல் சத்தமும் பொம்பளைங்க சிரிப்பும் முன்னூட்ல இருந்து வந்துச்சு. மத்தியானம் யாரோ எலுமிச்சஞ்சோறும் தயிர்சோறும் ஒரு தட்டுல வெச்சு என் வாசப்படியில வெச்சுட்டுப் போயிட்டாங்க. கதவைத் தட்டல. எடுத்து ஒரு வாய் தின்னேன். மூடி வெச்சுட்டுப் படுத்துக்கிட்டேன்.

மருமகளுக்கு அம்மா ஊடு குன்னத்தூரு, பிரசவம் அங்கதான். அங்க கெளம்பறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளை, கை நெறைய வளையல் சத்தத்தோட ஓடி வந்துச்சு. "அக்கா, அந்த டப்பாவைக் குடுங்க"ன்னுச்சு. அங்கயும் கடையில கெடைக்கும் கண்ணுன்னேன். "தெரியுமுங்க. எனக்கு இதுதான் வேணும்"ன்னு கையை நீட்டுச்சு. கையில உப்பு குடுத்தா குடுத்தவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் சண்டை வந்துரும்பாங்க. அதனால டப்பாவைத் தரையில வெச்சேன். அது குனிய முடியாமக் குனிஞ்சு எடுத்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அதோட சரி. என் ஒப்பந்தமும் முடிஞ்சுது. டாக்டரம்மா கையைப் புடிச்சு நல்லா செஞ்சீங்கன்னாங்க, நான் மறுபடியும் செக்கிங் டேபிளுக்கு வந்து நின்னேன். பொழுதோட அறைக்கு வந்தா கதவு தட்டற சத்தம் கேக்கற மாதிரியே இருக்கும். எந்திரிச்சுப் போய்ப் பார்ப்பேன். குன்னத்தூர் நம்பர் எங்கிட்ட இருந்துச்சு, கூப்பிடல. நல்ல சேதின்னா அதே கூப்பிடும்னு நெனச்சேன். நான் கூப்பிட்டு, அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டா? அதை ஒத்தையா ஒரு அறையில நின்னு கேக்க என்னால ஆகாது. அந்த வெசனத்துல ஒழுங்கா ஆக்கித் தின்னு எத்தனையோ நாளாச்சு.

ஒரு நாள் வேலை விட்டு வந்தப்ப ஓனர் ஊடு பூட்டியிருந்துச்சு. மெஷின் ஓடல. எங்க போனாங்கன்னு பக்கத்து அறையில கேட்டேன், எல்லாரும் குன்னத்தூருக்குப் போயிருக்காங்களாம், வேற ஒண்ணும் தெரியலீங்கன்னாங்க. மறுநாளும் பூட்டுதான். அதுக்கு மறுநாளும். வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் அந்தப் பூட்டைத்தான் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் முன்னூட்ல வெளிச்சம் தெரிஞ்சுச்சு. முருகனுக்கு மணி அடிக்கற சத்தம் கேட்டுச்சு. போய்க் கேக்கலாமான்னு செருப்பைப் போட்டேன், கழட்டினேன். அப்ப யாரோ கதவைத் தட்டுனாங்க.

ஓனரம்மா. என் வாசலுக்கு அவங்க வந்ததே இல்ல.

"அம்மிணி, ஒரு கை உப்பு குடுங்க."

விளக்கு வெச்ச பொறகு உப்புன்னு பேரே சொல்லாத ஊடு அது. குழந்தைன்னு கேட்டேனா, வாய் மட்டும் அசைஞ்சுச்சான்னு தெரியல.

"பொண்ணுங்க. கத்துனா ஆஸ்பத்திரியே கேக்குது. குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, தைராய்டெல்லாம் நல்லா இருக்குதாமா. ஊட்டுச் சாடியைக் கொட்டிக் கழுவிக் கவுத்துட்டேன். அக்காகிட்ட ஒரு கை வாங்கி முதல்ல போட்டுட்டு, அப்பறம் பாக்கெட்டைக் கொட்டுங்க அத்தைன்னு அது சொல்லி அனுப்புச்சு."

நான் கதவைப் புடிச்சுக்கிட்டேன். அழுகையை அடக்கிட்டு, "இங்க வந்து சாப்பிட்டது உங்களுக்குத் தெரியுமுங்களா?"ன்னு கேட்டேன்.

"அடுப்பு என் கையில, அம்மிணி. உப்பு போடாம ஒரு பங்கை எடுத்து அது கண்ணுல படற எடமா வெச்சது யாருன்னு நெனச்சீங்க? கோயில்ல ஒரு கரண்டி எண்ணெய் ஊத்த அவ்வளவு நேரமா ஆகும்? அது தின்னு முடிக்கட்டும்னு படிக்கட்டுல உக்காந்திருப்பேன்." அவங்க குரல் எறங்கிருச்சு. "நீங்க சொன்னது அன்னிக்கே புரிஞ்சுதுங்க. சாடியை மாத்துனா, போன ரெண்டும் என் கையாலதான் போச்சுன்னு ஆயிருமே. அதுக்கு எனக்கு மனசு வரல. அதுதானுங்களா? என் உப்புதானுங்களா?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதுங்கம்மா. டாக்டரே சொல்ல மாட்டாங்க."

அவங்க தலையாட்டிக்கிட்டாங்க. நம்புனாங்களான்னு தெரியல. கையை நீட்டுனபடியே நின்னாங்க. நான் புதுசா வாங்கி வெச்சிருந்த டப்பாவை எடுத்துட்டு வந்து, "கீழ வெக்கறேனுங்க, எடுத்துக்கங்க"ன்னேன்.

"வேண்டாங்க, கையிலயே போடுங்க. சண்டை வந்தா வரட்டும். ஒறம்பரைக்குள்ளதான சண்டை வரும்."

உப்பு மறுபடியும் கட்டி புடிச்சுக் கெடந்துச்சு. கரண்டிக் காம்பால குத்தி, அவங்க உள்ளங்கை நெறையப் போட்டேன்.